ஒரு படி கீழே

"கூட வந்தவங்கல்லாம் வெளிய இருங்கம்மா"ன்னு சொல்லிட்டான் அந்த செக்யூரிட்டி. மரியாதையாத்தான் சொன்னான், அதான் சுருக்குன்னு இருந்துச்சு, எரிஞ்சு விழுந்திருந்தான்னா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். கூட வந்தவ. அவ்வளவுதான் நான் இன்னைக்கு. பரீட்சைன்னா வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி, பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலின்னு இருந்த காலம் போச்சு. ஹால் டிக்கெட்டுல இருதயராஜ்னு அவரு பேரும் போட்டோவும் இருக்கும், அதுக்குக் கீழே சின்னதா என் போட்டோ, என் பேரு, ஜெயசீலி, ஸ்கிரைப். கண்ணு தெரியாதவங்க வாயால சொல்லச் சொல்லப் பேப்பர்ல எழுதுற ஆளுக்கு அதான் பேரு. இந்தத் தடவை வந்த ஹால் டிக்கெட்டுல அந்த இடத்துல 'தேவையில்லை'ன்னு அச்சடிச்சிருக்கு. நான்தான் முதல்ல பார்த்தேன், இல்ல, முதல்ல அவரு போன்தான் பார்த்துச்சு, பார்த்து அவருகிட்ட சொல்லிருச்சு, அப்புறம்தான் நான். தேவையில்லை. அச்சடிச்சவனுக்கு என்ன தெரியும், அவன் பாட்டுக்கு அச்சடிச்சிருக்கான். குச்சியைத் தட்டிக்கிட்டே உள்ள போயிட்டாரு மனுஷன், படி எத்தனைன்னு நான் சொல்றதுக்குள்ள ஏறிட்டாரு. பதினஞ்சு வருஷமா இளநிலை உதவியாளர், அதே நாற்காலி, பின்னாடி வந்து சேர்ந்தவங்கல்லாம் உதவியாளர் ஆகி அதுக்கு மேலயும் போயிட்டாங்க. இந்தத் துறைத் தேர்வுல பாஸானாத்தான் அவருக்கு அடுத்த படி. பாஸாகணும். பாஸாகாம எப்படி, எல்லாப் புத்தகமும் தலைகீழாத் தெரியும் அவருக்கு. ஆனா நான் பொய் சொல்லக் கூடாது, பஸ்ஸுல வரும்போது ஜெபமாலை உருட்டுனேனே, பத்து மணி உருட்டினா அதுல ஒண்ணு வேற எதையோ கேட்டுச்சு. பாஸாக வேண்டாம்னு கேட்டுச்சு. என்னோட உட்கார்ந்து ஆகாதது இந்த மெஷினோட உட்கார்ந்து ஆகிறக் கூடாதுன்னு கேட்டுச்சு. அடிப்பாவி. கட்டின புருஷன் ஃபெயிலாகணும்னு மாதாகிட்ட வேண்டுற பொம்பளை இந்தத் திருச்சி ஜில்லாவுல நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஒன்பதரை மணி அடிச்சாச்சு. மூணு மணி நேரம், அதுக்கு மேல கண்ணு தெரியாதவங்களுக்குன்னு ஒரு மணி நேரம் கூடுதல், எப்படியும் ஒன்றரை ஆகும் வெளிய வர. ஊருக்கு வெளிய ஏதோ ஒரு இன்ஜினியரிங் காலேஜு, புழுதியும் வெயிலும்தான், வாகை மரத்தடியில ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கறதால பொழைச்சேன். பக்கத்துல ஒரு அம்மா, மகளுக்குத் துணையா லால்குடியிலேர்ந்து வந்திருக்காங்களாம், டப்பாவைத் திறந்து முறுக்கு நீட்டுறாங்க. வேண்டாங்கன்னாலும் விடலை. "யாருக்கும்மா வந்திருக்கீங்க?" "வீட்டுக்காரருக்கு." "இப்ப வெள்ளைக் குச்சி வச்சுக்கிட்டுப் போனாரே, அவரா? அவங்களுக்கெல்லாம் எழுத ஒரு ஆளு போவாங்களேம்மா." நான் முறுக்கை மடியில வச்சுட்டேன். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே கேள்வியைப் படிச்சுக் காட்டும்ங்க. ஹெட்போன்ல கேட்டு அவரே பட்டனை அமுக்கிப் பதில் போட்டுருவாரு. யாரும் வேண்டாம்." "அப்பாடா, உங்களுக்கு வேலை மிச்சம்." வேலை மிச்சமாம். நல்லா சொன்னாங்க. ஆனா அவரே போட்டுருவாருன்னு நான் சொல்லும்போது என் குரல்ல ஒரு பெருமை வந்துச்சே, அது எங்கேர்ந்து வந்துச்சு? வயித்துல நெருப்பு எரியுது, வாயில பெருமை வருது. நானே எனக்குப் புரியலை. அந்த அம்மா மகளைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்காங்க, நான் ம் கொட்டிக்கிட்டே இருக்கேன், என் காது உள்ள இருக்கு, அந்த ஹால்ல, அவரு காதுல மாட்டியிருக்கிற அந்த ஹெட்போனுக்குள்ள என்ன பேசுறாளோ அவ. பாரு, 'அவ'ன்னுட்டேன். மெஷினு. மெஷினை 'அவ'ன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டேன்.

ஆனா பொம்பளைக் குரலாத்தானே வச்சிருக்கானுங்க. ஆறு மாசம் ஆச்சு அவ வீட்டுக்கு வந்து. ஆபீஸ்ல பேசுற கம்ப்யூட்டர் வச்சுக் குடுத்து, ரெண்டு வாரம் சென்னையில பயிற்சின்னாங்க, நானும் வரேன்னேன், "எதுக்கு சீலி, அங்க எல்லாரும் எங்க ஆளுங்கதான், நான் பார்த்துக்கிறேன்"னு தனியாப் போனாரு. கல்யாணமாகி முதல் தடவையா தனியா. திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுல இறங்குறாரு, சட்டைப் பையிலேர்ந்து போன் பேசுது. முதல் நாள் நானும் ஆஹா ஓஹோன்னுதான் இருந்தேன், கரண்ட் பில்லை நீட்டினா படிக்குது, மருந்து டப்பாவை நீட்டினா படிக்குது, என் பேரை மட்டும் ஜெய சிலின்னு படிச்சுச்சு, ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்ப அது மெதுவாத்தான் பேசுச்சு, எனக்கும் புரிஞ்சுது. அப்புறம் அவரு வேகத்தைக் கூட்டினாரு. வாரத்துக்கு வாரம் கூட்டினாரு. இப்ப அவ பேசுறது எனக்கு மிக்ஸி ஓடுற மாதிரி கேட்குது, கிர்ர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், ஒரு எழுத்து புரியாது. அவருக்கு எல்லாம் புரியுது. சாப்பிட்டுக்கிட்டே கேட்குறாரு, திடீர்னு சிரிக்கிறாரு. "என்னங்க?" "ஒண்ணுமில்ல, ஆபீஸ் குரூப்புல ஒரு மெசேஜ்." ஒண்ணுமில்லையாம். எனக்குத் தெரியாம அவருக்கு ஒரு மெசேஜ் வந்து, அதை அவரு தெரிஞ்சுக்கிட்டு, சிரிச்சும் முடிச்சுட்டாரு, நான் சாம்பார் கரண்டியோட நிக்கிறேன். ஒரு நாள் கேட்டே விட்டேன். "இவ்வளவு வேகமாப் போனா எப்படிங்க புரியுது?" "இதான் சீலி எனக்குச் சரியான வேகம். என் தலை இந்த வேகத்துலதான் ஓடுது, இத்தனை நாளா எனக்கே தெரியலை." சந்தோஷமாச் சொன்னாரு, சின்னப் பிள்ளை மாதிரி. அப்ப நான்? அதை நான் கேட்கலை. இருபத்திரண்டு வருஷமா தொண்டை வறள வறளப் படிச்சேனே, நிறுத்தி நிதானமா, புள்ளி பார்த்து கமா பார்த்து, அத்தனை வருஷமும் அவரு எனக்காகக் காத்துக்கிட்டா உட்கார்ந்திருந்தாரு? நீ மெதுவாப் படிக்கிற சீலின்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், சிடுசிடுன்னாவது சொல்லியிருக்கலாம்ல. சொல்லலை மனுஷன். நல்லவரு. இந்த நல்ல குணம்தான் எனக்கு இப்ப ஆகலை.

எப்படி வந்தேன் நான் இவருகிட்ட? பாலக்கரைக் கோயில்ல ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சதும் சாமியார் மைக்குல சொன்னாரு, கண்பார்வை இல்லாத ஒரு கல்லூரி மாணவருக்குப் பரீட்சை எழுத ஆள் வேணும், பிளஸ் டூ முடிச்ச, கையெழுத்து நல்லா இருக்கிற யாராவது வாங்கன்னு. பதினேழு வயசு எனக்கு. அம்மா என் முதுகுல ஒரு இடி இடிச்சு, போடி, புண்ணியம்னு அனுப்புனாங்க. புண்ணியத்துக்குப் போனவ. ஹால்ல ஒரு மூலையில தனியா ரெண்டு நாற்காலி, நான் கேள்வியைப் படிப்பேன், அவரு ஒரு மூச்சு இழுத்துட்டு ஆரம்பிப்பாரு, கொட்டும் பாருங்க, வருஷம் தேதி பேரு எல்லாம் தடங்கலே இல்லாம. முற்றுப்புள்ளி புதுப் பத்தின்னு வாயால சொல்ல மாட்டாரு, மேசையில விரலால ஒரு தட்டு, ரெண்டு தட்டு. மூணாவது பரீட்சையிலேயே தட்டாமலே எனக்குத் தெரிஞ்சுது எங்க புள்ளின்னு. அவரு மூச்சை வச்சே தெரியும். வேலைக்கான பரீட்சையும் நான்தான் எழுதுனேன், அதுல கிடைச்ச வேலைதான் இது, அந்த வேலைக்கு அப்புறம்தான் கல்யாணம். என் கையெழுத்துல கிடைச்ச சோறுதான் ரெண்டு பேரும் திங்கிறோம், இதைச் சொல்லிக்காட்டுறேன்னு நினைச்சாலும் பரவாயில்ல. நான் விட்டது யாருக்குத் தெரியும்? தபால்ல பி.காம். படிச்சேன், ரெண்டு வருஷம் முடிச்சாச்சு, மூணாவது வருஷத்துக்குப் பீஸ் கட்டப் போற நேரத்துல ஸ்கிரைப் ஃபார்ம் ஒண்ணு வந்துச்சு, அதுல ஒரு விதி. எழுதுபவரின் கல்வித் தகுதி, தேர்வு எழுதுபவரைவிட ஒரு படியாவது கீழே இருக்கணும். அவரு பி.ஏ. நான் பி.காம். முடிச்சா சரிக்குச் சரி ஆயிருவேன், அவரு பக்கத்துல உட்கார முடியாது. உட்கார்ந்து யோசிச்சேன், ஒரு நிமிஷம் கூட ஆகலை. விட்டுட்டேன். அவருகிட்ட, படிப்பு ஏறலைங்க, அக்கவுண்ட்ஸ் கஷ்டமா இருக்குன்னேன். உறவு என்னன்னு கூட அப்பல்லாம் யாரும் கேட்கலை, படிப்பைத்தான் கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஃபார்ம்ல என் கையாலேயே எழுதுவேன், பிளஸ் டூ, பிளஸ் டூ, பிளஸ் டூன்னு. முப்பத்தொன்பது வயசுலயும் நான் பிளஸ் டூ. இப்ப உள்ள உட்கார்ந்திருக்காளே அவ, அவ படிப்பென்னன்னு யாராவது கேட்டாங்களா? உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் படிச்சவளாச்சே. விதி எல்லாம் எனக்கு மட்டும்தான்.

வெயில் பெஞ்சு வரைக்கும் வந்துருச்சு. அந்த அம்மா தள்ளி உட்காருங்கன்னு நகர்ந்து குடுக்குறாங்க. பதினொண்ணு இருக்குமா, நூறு கேள்விக்கு மூணு மணி நேரம்னா இப்ப அம்பதாவது கேள்வியில இருப்பாரு, இல்ல, அவரு வேகம்தான் வேற வேகமாச்சே, எனக்கென்ன தெரியும். முன்னாடில்லாம் அவரைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு இருந்துச்சா? எந்தச் சட்டைன்னு கூட நான்தான். போன வாரம் போனைத் தூக்கிப் பிடிச்சு அலமாரியைக் காட்டி, நீலச் சட்டை எதுன்னு அவகிட்ட கேட்குறாரு. சொல்றா. நான் பின்னாடி நிக்கிறேன், போன் அப்படியே என் பக்கம் திரும்புச்சு, அவ சும்மா இருந்தாளா, பச்சை நிறப் புடவை அணிந்த நடுத்தர வயதுப் பெண், நரைத்த தலைமுடி, களைப்பாகத் தெரிகிறார்னு சொல்லிட்டா. எனக்குப் புரியணும்னே அவரு வேகத்தைக் குறைச்சு வச்சிருந்த நேரம் அது. "உனக்கு நரைச்சிருச்சா சீலி?" "அது பொய் சொல்லுதுங்க. வெளிச்சம் பட்டிருக்கும்." "களைப்பா இருக்கியா?" "இல்லவே இல்ல." அவரு தலைக்குள்ள நான் பதினேழு வயசு ரெட்டைச் சடையோட இருந்தேன், எவ்வளவு சவுகரியமா இருந்தேன், ஒரு நொடியில கிழவியாக்கிட்டா. அப்புறம் அந்தப் பேப்பர் விஷயம். காலையில பேப்பரை நான் படிச்சா எனக்குப் பிடிச்சதைத்தான் படிப்பேன், அவருக்கு வேண்டியதுன்னு எனக்குத் தோணுறதை. முதல் தடவையா போன்ல பேப்பரைக் கேட்டாரு, ரெண்டு மணி நேரம் அசையலை, கண்ணீர் அஞ்சலியிலேர்ந்து வரி விளம்பரம் வரைக்கும், காணவில்லை, வீடு வாடகைக்கு, மணமகள் தேவை, எல்லாம். "பேப்பர்ல இவ்வளவா இருக்கும் சீலி?" குத்திக் காட்டலை, நிஜமாவே ஆச்சரியப்பட்டாரு, கண்ணுல தண்ணி நின்னுச்சு. எனக்குக் கன்னத்துல அறை வாங்குன மாதிரி இருந்துச்சு. ஏன்னா விட்டதெல்லாம் பேப்பர்ல மட்டுமில்லையே. பியூலான்னு ஒருத்தி, நான் வர்றதுக்கு முன்னாடி காலேஜ் லைப்ரரியில அவருக்குப் படிச்சுக் காட்டினவ, கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் கார்டு போடுவா, நாலு வரி எழுதியிருப்பா, நான் ஒரு வரி படிப்பேன். வாழ்த்து சொல்லியிருக்காங்கன்னு முடிச்சுருவேன். அந்த மத்த மூணு வரியில அப்படி ஒண்ணும் அசிங்கம் இல்ல, உன் குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு, இது என் நம்பர், அவ்வளவுதான். அவ்வளவையும் அவருக்கு நான் குடுக்கலை. கார்டெல்லாம் பீரோவுலதான் இருக்கு. போனைக் காட்டினா போதும்.

நான் அதுக்குத்தான் பயப்படுறேன்னு நினைச்சா, இல்ல. அதெல்லாம் சின்னது. பெரிசு ஒண்ணு இருக்கு, காலையிலேர்ந்து அது பக்கத்துல போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருக்கேன். முடியாது. அந்த ஒரு சொல்லு. பதினோரு வருஷம் முன்னாடி இதே துறைத் தேர்வு, அப்ப பேப்பர்ல எழுதுறது, ஒரு பள்ளிக்கூடத்துல ஏழாங்கிளாஸ் ரூமு, சுவத்துல யாரோ பிள்ளைங்க வரைஞ்ச மாம்பழம். பதினாலாவது கேள்வி. வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் பருவத்துல இருக்கிற ஒருத்தர் இன்ன விடுப்புல போக முடியுமா, விதியோட விளக்குக. நான் படிச்சு முடிக்கலை, அவரு முடியாதுன்னுட்டாரு. முடியாது, இன்ன விதிப்படின்னு சொல்லிட்டு விரலால ஒரு தட்டு. எனக்கு அது தப்புன்னு தெரிஞ்சுது. தோணலை, தெரிஞ்சுது, அப்படி ஒரு நிச்சயம். அந்தப் புத்தகத்தை மூணு தடவை படிச்சவ நானு, இடது பக்கம், மேலேர்ந்து ரெண்டாவது பத்தி, போகலாம்னு என் கண்ணாலேயே பார்த்திருக்கேன். அவரு காதால கேட்டதுதானே. கண்ணால பார்த்தவளுக்குத் தெரியாதா? இந்தத் திமிரு, இந்தக் கண்ணு இருக்கிற திமிரு, அது அன்னைக்குத்தான் எனக்குள்ள இருந்துச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டிருந்தாரு. நான் முடியும்னு எழுதுனேன். விதியையும் மாத்திப் போட்டேன். "எழுதிட்டியா?" "எழுதிட்டேன்." அவருக்கு நல்லது பண்ணிட்டேன்னு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷம் எனக்கு, வீட்டுக்கு வந்து ரகசியமாச் சிரிச்சுக்கிட்டே புத்தகத்தைத் திறந்தேன். அவரு சொன்னதுதான் சரி. நான் பார்த்தது அடுத்த பக்கம், வேற விடுப்பு. எட்டு மார்க்கு. ரிசல்ட் வந்துச்சு, நாப்பத்தஞ்சு வேணும், நாப்பத்தொண்ணு.

அப்பவே சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன், அவரு முகத்தைப் பார்த்தேன், மூடிட்டேன். சொன்னா இனிமே என்னைப் பக்கத்துல உட்கார வைக்க மாட்டாரே, அந்த ஒரே பயம், எனக்கு என் நாற்காலிதான் பெரிசாப் போச்சு. அவரு நாலு நாள் கட்டில்ல உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியா, ஒவ்வொரு பதிலா எனக்கு ஒப்பிச்சாரு. "எங்க சீலி தப்பு? எனக்குத் தெரியலையே." "திருத்துறவங்க சரியில்லைங்க." "இல்ல. என் ஞாபகம் சரியில்ல. நிச்சயமாத் தெரியும்னு நினைச்சது எதுவோ தப்பாயிருக்கு." ஆபீஸ்ல அத்தனை பேரு போன் நம்பரும் மனசுல வச்சிருந்த மனுஷன். அதுக்கப்புறம் கதவைப் பூட்டுனோமான்னு தெரு முனையிலேர்ந்து திரும்பி வந்தாரு. எந்த பஸ்ஸுன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டாரு. வருஷா வருஷம் பரீட்சை வரும், எழுதலாம்ங்கன்னா வேண்டாம் சீலின்னுருவாரு. பதினோரு வருஷம். கம்ப்யூட்டர்ல எழுதலாம்னு வந்தப்புறம்தான் திடீர்னு ஃபார்ம் போட்டாரு. "இப்ப நானே கேட்டு நானே போட்டுக்கலாம். தப்பாப் போனாலும் என் கையால போகட்டும்." என்ன அர்த்தத்துல சொன்னாரு? ஒண்ணும் அர்த்தமில்ல, சும்மா சொன்னாரு. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாரு. ஆக, இன்னைக்கு இவரு பாஸானாருன்னா கணக்கு நேராயிருச்சு பாருங்க, அவகூட உட்கார்ந்தா பாஸு, என்கூட உட்கார்ந்தா ஃபெயிலு, அப்ப தப்பு யாருதுன்னு எந்தக் குழந்தையும் சொல்லிரும். அதான் எனக்கு அவ மேல இவ்வளவு ஆத்திரம். அவ இருக்கிறதை இருக்கிறபடி சொல்றா. அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சு ஒரு எழுத்து மாத்த மாட்டா. அவளுக்கு அவரு மேல அவ்வளவு அக்கறை கிடையாது. அக்கறை இல்லாததுனாலேயே அவ என்னைவிட நல்லவ. இதை எங்க போய்ச் சொல்ல?

மணி அடிக்குது. பன்னெண்டரை. இவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, மத்தவங்கதான் வர்றாங்க, லால்குடி அம்மா எழுந்து மகளைத் தேடிப் போயிட்டாங்க. நான் தண்ணி பாட்டிலைத் திறக்குறேன், பார்த்தா கூட்டத்துக்கு நடுவுல அவரு. நான் இன்னும் தயாராகலை, என் மூஞ்சி எப்படி இருக்கோ, இருந்தா என்ன, அவருக்குத் தெரியவா போகுது, ஐயோ, போனை நீட்டினாத் தெரிஞ்சிருமே. "சீலி!" "இங்கதான் இருக்கேன்." குச்சி என் குரலைப் பிடிச்சுக்கிட்டு நேரா வருது. முகமெல்லாம் சிரிப்பு. வந்து என் தோள் மேல கையை வச்சாரு. "கூடுதல் நேரம் வேண்டாம்னுட்டேன் சீலி! பதினொண்ணே காலுக்கே நூறு கேள்வியும் முடிஞ்சிருச்சு. அப்புறம் முதல்லேர்ந்து எல்லாத்தையும் திரும்பக் கேட்டேன். எத்தனை தடவை வேணும்னாலும் கேட்கலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்." என்னையும் கெஞ்சியிருக்காரு போல. சரி. "அப்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க." "நல்லாத்தான். திரும்பக் கேட்டதுல ஒரு இருபது பதிலை மாத்தி வச்சேன்." "மாத்துனீங்களா? எதுக்கு?" "முதல்ல தோணுறதை நம்பக் கூடாதுல்ல. அன்னைக்கு நாப்பத்தொண்ணு வாங்கினேனே, அதுல கத்துக்கிட்டேன். எனக்கு ஒண்ணு ரொம்ப நிச்சயமாத் தோணுச்சுன்னா அதுல ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம். அப்படித் தோணுனதை எல்லாம் தேடித் தேடி மாத்திட்டேன். உன்கூட எழுதும்போது இப்படித் திரும்பப் போக முடியாதுல்ல."

"எதை மாத்துனீங்க? ஒண்ணு சொல்லுங்க." சொன்னாரு. கேள்வி, நாலு பதில், முதல்ல எதைப் போட்டாரு, அப்புறம் எதுக்கு மாத்துனாரு, எல்லாம் கடகடன்னு. இன்னொண்ணு சொன்னாரு. மூணாவது. மூணுலயும் முதல்ல போட்டதுதான் சரி. இந்தத் தடவை எனக்குக் கண்ணுல பார்த்த நிச்சயம் இல்ல, அந்த எட்டு மார்க்குக்கு அப்புறம் புத்தகத்தை விரல் வச்சு விரல் வச்சுப் படிச்சு வாங்குன நிச்சயம். மாதாவே, நான் கேட்டதைக் குடுத்துட்டியே. பத்துக்கு ஒரு மணிதானே உருட்டுனேன், அதைத்தானா நீ கேட்டே? "என்ன சீலி, சரிதானே?" சும்மா இருந்துரலாம். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, வாங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிரலாம், ரிசல்ட் வரும்போது மெஷின் மேல பழி போயிரும், பழையபடி என்கிட்டயே வந்துருவாரு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேற வந்துச்சு. "உங்க ஞாபகத்துல ஒரு தப்பும் இல்லைங்க. அன்னைக்கும் இல்ல. விடுப்புக் கேள்விக்கு நீங்க முடியாதுன்னு சொன்னீங்க. அதான் சரி. நான்தான் முடியும்னு மாத்தி எழுதினேன்."

சிரிப்பு அப்படியே முகத்துல நின்னுச்சு, அதை எடுக்க அவருக்கு மறந்து போச்சு. தோள்லேர்ந்து கை இறங்குச்சு. ஜனம் எங்களைச் சுத்தி நடந்து போகுது, யாரோ பைக்கை ஸ்டார்ட் பண்றாங்க. அவரு கத்துவாருன்னு பார்த்தேன், கத்தினா நல்லா இருக்கும்னு கூட இருந்துச்சு. கத்தலை. "பதினாலாவது கேள்வி"ன்னாரு. "ஆமாங்க." "பதினோரு வருஷம், சீலி." "ஆமாங்க." குச்சி முனையால மண்ணைக் கிளறினாரு. அப்புறம் கேட்டாரு, ரொம்ப மெல்ல, "அது ஒண்ணுதானா?" "பரீட்சையில அது ஒண்ணுதான்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. "பரீட்சையிலன்னா?" முகத்தை முழுசா என் பக்கம் திருப்பி நிக்கிறாரு. செக்யூரிட்டிகிட்டேர்ந்து திரும்ப வாங்கின போன் கையிலதான் இருக்கு, இதை அதுகிட்ட கேட்க முடியாது அவரு, என்கிட்டதான் கேட்டாகணும், எவ்வளவு நேரமானாலும் நான் சொல்றதுக்காகத்தான் நிக்கணும். ஆறு மாசமா நான் ஏங்குனது இதுக்குத்தான். பீரோவுல இருக்கிற அந்தக் கார்டுகளை எந்த வரியிலேர்ந்து ஆரம்பிக்கன்னு தேடுறேன்.